சின்னக் குழந்தைகளோடு கோளரங்கம் போகிறீர்களா? முதலில் இருட்டைக் கவனியுங்கள்

கோளரங்கத்துக்குக் குழந்தையைக் கூட்டிப் போகும்போது பெற்றோர் பலரும் வானத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். பிள்ளைக்குப் புரியுமா, கோள்களின் பெயரை முன்கூட்டியே சொல்லித்தர வேண்டுமா என்றெல்லாம் யோசிக்கிறார்கள். ஆனால் அரங்குக்குள் ஒரு குழந்தை வீறிட்டு அழுவதற்கும் பாடம் புரியாததற்கும் சம்பந்தமே இல்லை. திடீரென்று சூழும் இருட்டு, இருக்கையை அதிரவைக்கும் ஒலி, உட்கார்ந்திருக்கும் இடமே நகர்வதுபோன்ற உணர்வு, இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும். இவற்றுக்கு முன்பே வழி செய்துவிட்டால் மற்றதைக் காட்சியே பார்த்துக்கொள்ளும்.

எந்த வயதில்?

ஒரு வயதுக்குக் கீழே உள்ள கைக்குழந்தை பெரும்பாலும் மடியில் தூங்கிவிடும். இருட்டும் சாய்ந்த இருக்கையும் அதற்குத் தோதானவை. ஒன்றரையிலிருந்து மூன்று வயது வரைதான் கஷ்டமான காலம். அந்த வயதில் ஓடத் தெரியும், உட்காரத் தெரியாது. கூட்டிப் போகவே கூடாது என்று சொல்லமாட்டேன். பாதியில் எழுந்து வரத் தயாராக இருந்தால் போங்கள். நான்கு வயதுக்கு மேல் இருட்டைப் பற்றிப் பேசிப் புரியவைக்கலாம். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள்தாம் கோளரங்கத்தின் அசல் ரசிகர்கள். கை நீட்டிக் காட்டுவார்கள், கேள்வி கேட்பார்கள், பக்கத்து இருக்கைக்காரருக்கும் சேர்த்து விளக்கம் சொல்வார்கள்.

வயதைவிட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. வீட்டில் திடீரென்று கரண்ட் போனால் உங்கள் பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

காட்சியைத் தேர்ந்தெடுப்பது

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது. கோளரங்கக் காட்சிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று நேரடிக் காட்சி. ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டே இன்றிரவு தெரியப்போகும் வானத்தைக் குவிமாடத்தில், அதாவது தலைக்கு மேல் கவிழ்ந்திருக்கும் வட்டக் கூரையில், காட்டுவார். மற்றொன்று பதிவுக் காட்சி. முன்பே தயாரித்த படம் குவிமாடம் முழுக்க ஓடும். இரண்டையும் கலந்து கொடுக்கும் அரங்குகளும் இருக்கின்றன.

சின்னக் குழந்தைக்கு நேரடிக் காட்சியே மேல். பேசுபவர் எதிரே இருக்கும் வாண்டுகளைப் பார்த்துத் தன் பேச்சை மாற்றிக்கொள்வார். சூரியனை மெல்ல மெல்ல மறையவைப்பார். இரண்டு குழந்தைகள் சிணுங்கினால் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டவும் அவரால் முடியும். பதிவான படம் யாருக்காகவும் நிற்காது.

குழந்தைகளுக்கென்றே வைக்கும் காட்சிகள் பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடத்தில் முடிந்துவிடும். பெரியவர்களுக்கானவை 40, 50 நிமிடம் வரை போகும். மூன்று வயதுக் குழந்தைக்கு அந்தக் கூடுதல் 20 நிமிடம் ரொம்பப் பெரிய நேரம்.

தலைப்பைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். டைனோசர் படம் போட்ட சுவரொட்டியைக் கண்டதும் பிள்ளை குதிக்கும், நமக்கும் இதுதான் சரி என்று தோன்றும். ஆனால் டைனோசர் கதை எங்கே போய் முடியும் என்று யோசித்துப் பாருங்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியில் வந்து மோதிய அந்தப் பெரும் விண்பாறையை, தலைக்கு மேலே முழுக் குவிமாடத்திலும், அடிவயிறு அதிரும் ஒலியோடு காட்டுவார்கள். கருந்துளை, பெருவெடிப்பு என்று வரும் தலைப்புகளும் இதே ரகம்தான். நிலா, பருவங்கள், இன்றைய வானம் என்று பெயர் இருந்தால் பெரும்பாலும் அமைதியான காட்சியாக இருக்கும்.

டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு போன் போட்டுவிடுவது நல்லது. குறைந்தபட்ச வயது ஏதாவது உண்டா என்று முதலில் கேளுங்கள். சில இடங்களில் மூன்று, நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பொதுக்காட்சிக்கு அனுமதிக்கமாட்டார்கள். பாதியில் வெளியே போகலாமா, போனால் திரும்ப உள்ளே விடுவார்களா, குழந்தை வண்டியை எங்கே நிறுத்துவது என்பதையும் அப்படியே கேட்டுவிடுங்கள். பல கோளரங்கங்கள் விளக்கை முழுக்க அணைக்காமல், ஒலியைக் குறைத்து, பிள்ளைகள் எழுந்து நடமாடினாலும் கண்டுகொள்ளாத தனிக்காட்சிகள் நடத்துகின்றன. ஆட்டிசம் உள்ள, ஒலிக்கு மிரளும் குழந்தைகளை மனதில் வைத்துத் தொடங்கியவை அவை. மற்றச் சின்னப் பிள்ளைகளுக்கும் முதல் அனுபவமாக அதைவிட நல்லது கிடையாது. குழந்தைக்கு வலிப்பு நோய் இருந்தால், மின்னி மின்னி அணையும் ஒளி வருமா என்று கட்டாயம் விசாரியுங்கள்.

வீட்டில் ஒரு ஒத்திகை

முதல் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளையோடு தரையில் மல்லாந்து படுங்கள். ஒரு தகர டப்பாவின் அடியில் ஆணியால் சில துளைகள் போட்டு, உள்ளே டார்ச்சை வைத்துக் கூரையைப் பார்த்து அடியுங்கள். துளைகளின் ஓரம் கையைக் கிழிக்கும், அதனால் டப்பா உங்கள் கையிலேயே இருக்கட்டும். கூரையில் வெளிச்சப் புள்ளிகள் தெரியும், டப்பாவைத் திருப்பினால் அவையும் நகரும். விளையாட்டு மாதிரித் தோன்றினாலும் அசல் கருவி ஒன்று இப்படித்தான் வேலை செய்தது. ஆர்மண்ட் ஸ்பிட்ஸ் என்ற அமெரிக்கர் 1940களில் உருவாக்கிய மலிவான கோளரங்கக் கருவியில், பன்னிரண்டு முகங்கள் கொண்ட ஒரு கூட்டில் நுண்துளைகளைப் போட்டு, உள்ளிருக்கும் விளக்கின் ஒளியைக் குவிமாடத்தில் விழச் செய்தார்கள். பெரிய கருவி வாங்க வசதியில்லாத சிறிய ஊர்களுக்கும் பள்ளிகளுக்கும் கோளரங்கம் போய்ச் சேர அது பெரிதும் உதவியது.

இந்த ஒத்திகையில் குழந்தை தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். விளக்கு அணையும், அப்பாவோ அம்மாவோ பக்கத்திலேயே இருப்பார்கள், கொஞ்ச நேரத்தில் விளக்கு திரும்ப வரும்.

என்ன நடக்கப்போகிறது என்பதையும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். 'நாளைக்கு விண்வெளிக்குப் போகிறோம்' என்று ஆசை காட்டினால் நான்கு வயதுக் குழந்தை அதை அப்படியே நம்பும். ராக்கெட் எங்கே என்று வாசலிலேயே பஞ்சாயத்து ஆரம்பமாகிவிடும். தொலைநோக்கி வழியாக நிஜ வானத்தைப் பார்க்கும் இடம் வானாய்வகம். கோளரங்கத்தில் பார்ப்பது வட்டமான கூரையில் விழும் ஒளி. 'பெரிய உருண்டையான ரூம், மேலே நட்சத்திரம் காட்டுவாங்க, நாம சாஞ்சு உட்கார்ந்து பார்ப்போம்.' இவ்வளவு போதும்.

கிளம்பும் நாள்

தூங்கி எழுந்து, வயிறு நிறைந்த நேரத்துக்குக் காட்சியைப் பொருத்துங்கள். வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் கொண்டுபோய் இருட்டில் உட்கார வைத்தால் தூங்கிவிடும் என்று கணக்குப் போடுவது ஆபத்தான சூதாட்டம். பாதிப் பிள்ளைகள் தூங்கும், மீதிப் பாதி அரங்கையே இரண்டாக்கும்.

நடந்தால் மின்னும் விளக்கு வைத்த ஷூ வேண்டவே வேண்டாம். குழந்தைகள் காட்சியில் அரங்குப் பணியாளர்களுக்குப் பெரிய தலைவலி அதுதான். கால் ஆடும்போதெல்லாம் பளிச் பளிச் என்று எரியும். ஒளிரும் கைக்கடிகாரம், விளக்கு வைத்த பொம்மை எல்லாவற்றுக்கும் இதே விதி. உங்கள் போனையும் முழுக்க அணைத்துவிடுங்கள், அதிர்வு நிலையில்கூட வைக்க வேண்டாம்.

குவிமாட அரங்குகளில் குளிர் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம், ஒரு மெல்லிய போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கும் ஒலிக்கு மிரளும் பிள்ளைக்கும் காதை முழுதாக மூடும் இரைச்சல் தடுப்பான் வாங்கி வையுங்கள். காதுக்குள் செருகும் பஞ்சு, ரப்பர் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள். வீட்டிலேயே இரண்டு, மூன்று முறை மாட்டிப் பழக்கிவிட்டால் அங்கே பிடுங்கி எறியாது.

காட்சிக்கு அரைமணி முன்பாவது போய்ச் சேருங்கள். கதவை மூடியபின் வருபவரை உள்ளே விடாத அரங்குகள் அதிகம். அது பணியாளரின் கறார்த்தனம் அல்ல. வெளிக்கதவு ஒருமுறை திறந்தால் உள்ளே எல்லோருடைய கண்ணும் வெளிச்சத்தில் கூசி, வானம் வெளுத்துப்போகும். கிடைக்கும் நேரத்தில் வெளியே ஓடவிடுங்கள். கடைசியில் கழிப்பறை. 'வரலை' என்று சொன்னாலும் கூட்டிப் போங்கள்.

எங்கே உட்காருவது

நல்ல பார்வை வேண்டுமானால் பெரும்பாலான அரங்குகளில் நடுவுக்குச் சற்றுப் பின்னால் உள்ள வரிசைகள் சிறந்தவை. முன்வரிசையில் கழுத்து நோகும். ஆனால் சின்னக் குழந்தையோடு போகும்போது நல்ல பார்வையை மறந்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது கதவுக்குப் பக்கத்தில், வரிசையின் ஓரத்து இருக்கை. நுழையும் கதவும் வெளியேறும் கதவும் வெவ்வேறாக இருக்கலாம், அதனால் 'நடுவில் போக வேண்டுமானால் எந்தப் பக்கம்?' என்று பணியாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். பிள்ளைக்கும் அந்தக் கதவைக் காட்டி வையுங்கள். வழி தெரிந்தால் பயம் பாதி குறையும்.

மடங்கும் இருக்கைகள் இலேசான பிள்ளையை அப்படியே மடித்து விழுங்கப் பார்க்கும். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு உங்கள் மடியே பாதுகாப்பு. அதோடு, பயப்படும் பிள்ளைக்கு முதுகில் உங்கள் நெஞ்சு படுவதே பெரிய தைரியம்.

கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய்விடுங்கள். விளக்கு எரியும்போதே கூரையைப் பார்க்கட்டும், நடுவில் நிற்கும் கருவியைப் பார்க்கட்டும். பழைய ஒளியியல் கருவி உள்ள அரங்கானால் இரண்டு பக்கமும் உருண்டைத் தலையோடு அது ஒரு ராட்சத எறும்பு போல நிற்கும். சில குழந்தைகள் அதைப் பார்த்தே மிரளும், சில குழந்தைகள் வானத்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒளியியல் கோளரங்கக் கருவியை முதலில் செய்தது ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம். 1923 அக்டோபரில் மியூனிக்கில் அதை முதன்முதலாகக் காட்டினார்கள். 4,500 நட்சத்திரங்களை அதனால் காட்ட முடிந்தது. இப்போது பல இடங்களில் அந்த எறும்பு இல்லை, சுற்றிலும் மறைவாக வைத்த டிஜிட்டல் புரொஜெக்டர்கள்தாம். எறும்பு உள்ள அரங்கில் 'அதுதான் நட்சத்திரம் போடும் மிஷின்' என்று அறிமுகம் செய்துவைத்தால், இருட்டில் அது அசையும்போது பயம் வராது.

விளக்கு அணையும்போது

முதல் இரண்டு நிமிடம்தான் முக்கியம். சூரியன் மேற்கே இறங்கத் தொடங்கியதும் பிள்ளையின் காதில் மெல்லப் பேசத் தொடங்குங்கள். 'இப்போ சூரியன் கீழே போகுது, இருட்டாகுது, நான் இங்கேதான் இருக்கேன்.' ஒரு கை எப்போதும் அதன்மேல் இருக்கட்டும்.

'ஒண்ணுமே தெரியலையே' என்று பிள்ளை சொன்னால் அது பொய்யல்ல. கண் இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கும். சில நிமிடங்களில் நிறைய வித்தியாசம் தெரியும், முழுக்கப் பழக 20 முதல் 30 நிமிடம்கூட ஆகலாம். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் செல்கள் மெதுவாகத்தான் விழித்துக்கொள்கின்றன, ஒரு போன் திரையின் வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். பணியாளர்கள் சிவப்பு விளக்கு வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம். அந்தச் செல்களைச் சிவப்பு ஒளி அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

குழந்தைகள் காட்சியில் 'அதோ நிலா!' என்று கத்துவது சத்தமல்ல, அதற்காகத்தான் அந்தக் காட்சியே. நீங்கள் வாயைப் பொத்த வேண்டாம். பொதுக்காட்சி என்றால் காதோடு பேசப் பழக்குங்கள். நீங்கள் இடைவிடாமல் விளக்கிக்கொண்டே இருப்பது அதைவிடத் தொல்லை. நம்மில் பலர் ஒன்பது கோள் என்று படித்தவர்கள். 2006இல் புளூட்டோ குறுங்கோளாக மாற்றப்பட்டு எட்டாகிவிட்டது. அரங்கில் எட்டு என்று சொல்லும்போது நீங்கள் ஒன்பது என்று திருத்தினால் பிள்ளைக்குத்தான் குழப்பம்.

இருக்கை நகர்வதுபோல இருந்தால்

கோள்களுக்கு நடுவே பறந்து போவதுபோன்ற காட்சி வரும்போது பெரியவர்களுக்கே வயிற்றைப் புரட்டும். கண் 'நகர்கிறோம்' என்கிறது, உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு 'இல்லை' என்கிறது. இந்தச் சண்டையில்தான் தலைசுற்றல் வருகிறது. இரண்டு வயதுக்குக் கீழே இது அரிது, பள்ளிப் பருவத்தில் அதிகம். காரில் போனால் வாந்தி எடுக்கும் பிள்ளை இங்கேயும் தடுமாறலாம். மருந்து மிகவும் சுலபம்: கண்ணை மூடச் சொல்லுங்கள். 'எண்ணி முடிக்கும்வரை கண்ணை மூடு' என்று விளையாட்டாகவே சொல்லலாம். கண்ணை மூட மாட்டேன் என்று அடம்பிடித்தால் தரையையோ உங்கள் கையையோ பார்க்கச் சொல்லுங்கள். படம் நின்றதும் சரியாகிவிடும்.

அழுகை வந்தால்

முகத்தை உங்கள் நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளுங்கள், கையால் கண்ணை மூடுங்கள். அரை நிமிடம் போல பாருங்கள். அழுகை குறைகிறதென்றால் இருங்கள். கூடுகிறதென்றால் எழுந்துவிடுங்கள், 'டிக்கெட் காசு போச்சே' என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். பயத்தோடு பிடித்து உட்காரவைத்த பிள்ளை அடுத்த முறை வாசலைத் தாண்டாது. வெளியே தூக்கி வந்த பிள்ளை அரைமணியில் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

வெளியேறும்போது போன் டார்ச்சை அடிக்காதீர்கள். கையைத் தூக்கினால் பணியாளர் வருவார், படிகள் இருப்பதால் அவரோடு போவதே நல்லது. இரண்டு பெரியவர்கள் போயிருந்தால் யார் எழுவது, யார் மூத்த பிள்ளையோடு இருப்பது என்பதை வெளியிலேயே முடிவு செய்துவிடுங்கள். இருட்டுக்குள் கண்ஜாடை தெரியாது. தனியாக இரண்டு பிள்ளைகளோடு போனால் ஒருவர் அழுதால் மூவரும் வெளியே. மூத்ததிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அங்கே இரண்டாவது அழுகை தொடங்கும்.

ஊதி நிற்கும் குவிமாடம்

பள்ளிக்கும் கண்காட்சிக்கும் கொண்டுவரும் நடமாடும் கோளரங்கம் வேறு மாதிரி. மின்விசிறிக் காற்றால் நிற்கும் துணிக் கூடாரம் அது. சிலவற்றில் குனிந்தோ தவழ்ந்தோதான் உள்ளே போக வேண்டும், தரையில் உட்கார வேண்டும், விசிறி இரைந்துகொண்டே இருக்கும். தவழும் வயதுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அடைந்த இடத்துக்குப் பயப்படும் பிள்ளையைக் கடைசியாக உள்ளே விட்டு வாசலை ஒட்டி உட்கார வையுங்கள்.

வெளியே வந்த பிறகு

கண்காட்சிக் கூடத்தைக் காட்சிக்கு முன்னால் சுற்றாதீர்கள். பிள்ளையின் பொறுமை அங்கேயே தீர்ந்துவிடும். முடிந்தபின் போங்கள், அதிலும் இரண்டு, மூன்று பொருள் போதும். பல இடங்களில் வெவ்வேறு கோள்களில் உங்கள் எடை என்ன என்று காட்டும் தராசு இருக்கும். 18 கிலோ பிள்ளை நிலாத் தராசில் ஏறினால் 3 கிலோ காட்டும், ஏனென்றால் அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. வியாழன் தராசில் நாற்பதைத் தாண்டும். கணக்கு புரியாத வயதிலும் அந்த முள் ஓடுவது பிடிக்கும். தொட்டுப் பார்க்க விண்கல் வைத்திருந்தால் தவறவிடாதீர்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் 'எத்தனை கோள் சொல்லு பார்ப்போம்' என்று தேர்வு வைக்க வேண்டாம். கேள்வி பிள்ளையிடமிருந்தே வரும். இரண்டு கேள்விகள் அநேகமாக வரும் என்பதால் பதிலைத் தயாராக வைத்திருங்கள். 'நம்ம வீட்டில் ஏன் இவ்வளவு நட்சத்திரம் இல்லை?' என்று கேட்டால், தெருவிளக்கின் வெளிச்சம் மேலே போய் வானத்தை வெளுக்கவைக்கிறது, நல்ல இருட்டான இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் தெரியும் என்று சொல்லலாம். 'சூரியன் செத்துப்போகுமா?' என்பது இரண்டாவது. சூரியனின் முடிவைக் காட்டும் காட்சி என்றால் ஐந்து வயதுப் பிள்ளை இரவு படுக்கும்போது இதைத்தான் கேட்கும். இன்னும் சுமார் 500 கோடி ஆண்டு இருக்கிறது என்பதே உண்மையான பதில், ஆனால் அந்த எண் குழந்தைக்குப் பிடிபடாது. 'ரொம்ப ரொம்ப நாள் நல்லா இருக்கும்' என்று சொல்லித் தூங்கவையுங்கள்.

அன்று பார்த்த ஒன்றையாவது சில நாட்களுக்குள் நிஜ வானத்தில் காட்டிவிடுங்கள். எட்டு மணிக்குத் தூங்கும் பிள்ளைக்கு எப்படி என்கிறீர்களா? நிலாவுக்கு இரவு வேண்டாம். அமாவாசை கழிந்து ஒரு வாரத்தில் பாதி நிலா மதியத்திலேயே கிழக்கில் ஏறிவிடும். பௌர்ணமி கழிந்து ஒரு வாரம்வரை காலையில் மேற்கே நிற்கும். சூரியன் மறைந்த கையோடு மேற்கில் தெரிவது எது என்று காட்சி நடத்தியவரிடமே கேட்டு வாருங்கள். வெள்ளி இருக்கும் காலமானால் அது போதும், நகரத்து வெளிச்சத்தையும் மீறித் தெரியும். டிசம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம்வரை முன்னிரவில் ஓரியன் என்ற வேடன் வடிவ நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம்.

பிள்ளைக்குப் பிடித்திருந்தால் அதே நேரடிக் காட்சிக்கு மூன்று, நான்கு மாதம் கழித்துத் திரும்பப் போங்கள். முன்னிரவு வானம் அதற்குள் மாறியிருக்கும், இடம் பழகியிருப்பதால் இருட்டும் அவ்வளவாகப் பயமுறுத்தாது. அப்போது கதவோரத்தை விட்டு நடுவரிசைக்கு மாறலாம்.